சென்னையில் சைக்கிள் ரேஸ்: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிறு காலை ஈசிஆரில் ஓட்டிவிட்டு டீக்கடையில் நிற்கும்போது, புதிதாக வந்தவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பேச்சு முழுக்க மிதிவண்டி ரேஸைப் பற்றியது. ராத்திரியில் போலீஸ் துரத்திப் பிடிக்கும் மோட்டார் பைக் ரேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நியூயார்க்கில் பூங்காவுக்குள்ளேயே ரேஸ் நடத்துகிறார்களே, சென்னையில் ஏன் இல்லை?

அங்கே பூங்காவுக்குள் தார்ச்சாலையே இருக்கிறது. சென்ட்ரல் பார்க்கின் முழுச் சுற்று சுமார் 9.8 கிலோமீட்டர், புரூக்ளினில் உள்ள பிராஸ்பெக்ட் பார்க்கின் சுற்று சுமார் 5.4 கிலோமீட்டர். இரண்டிலும் 2018 முதல் கார்களுக்கு அனுமதி கிடையாது. விடியற்காலையில், நடக்க வருகிறவர்கள் கூடுவதற்கு முன்பே ரேஸை முடித்துவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பூங்காக்கள் நடப்பதற்காகப் போடப்பட்டவை. அண்ணா நகர் டவர் பார்க்கிலோ செம்மொழிப் பூங்காவிலோ காலை ஆறு மணிக்கு எத்தனை தாத்தா பாட்டிகள் கைவீசி நடக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், அங்கே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் விட யாருக்கும் மனசு வராது. கிண்டி தேசியப் பூங்கா மான்களின் இடம், அந்தப் பேச்சே வேண்டாம். பூங்காவுக்குள் சுற்றுவது குழந்தைகள் பேலன்ஸ் பழக மட்டும்தான், அதுவும் காவலாளி சரி என்றால்.

அப்படியானால் இங்கே ரேஸ் எங்கே நடக்கும்?

மூன்று வகை இடங்கள். முதலாவது, விடியற்காலையில் அனுமதி வாங்கிப் பயன்படுத்தும் நெடுஞ்சாலைப் பகுதிகள், புறநகரில் ஆள் நடமாட்டம் குறைந்த சாலைகள். இரண்டாவது, மூடிய தடம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த மோட்டார் பந்தயத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். எதிரே வண்டி வராது, மாடு வராது, வளைவுகளும் அகலம். இப்படிப்பட்ட தடத்தில் ரேஸ் அறிவித்தால் முதல் ரேஸாக அதையே எடுங்கள், நகரிலிருந்து தூரம் என்று தயங்க வேண்டாம். மூன்றாவது வெலோட்ரோம், அதாவது சரிவான சுவர் கொண்ட நீள்வட்டத் தடம். மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று உண்டு. ஆனால் அங்கே ஓட்டும் டிராக் சைக்கிளுக்கு பிரேக்கும் கிடையாது, கியரும் கிடையாது. புதியவர் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல.

நகருக்குள் சாலையை மூடி ரேஸ் நடத்த முடியாதா என்றும் கேட்கிறார்கள். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 கார் பந்தயம் நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அரசே பின்னால் நின்றது. ஐம்பது அறுபது பேர் ஓட்டும் சைக்கிள் ரேஸுக்கு அந்த அளவு தடுப்பும் போலீஸும் கிடைக்காது. அதனால்தான் நாம் விடியற்காலையையும் ஊர் எல்லையையும் நம்பியிருக்கிறோம்.

என்னென்ன வகை ரேஸ் இருக்கிறது? எதில் தொடங்கலாம்?

டைம் டிரையல்: ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளம்புவார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டக் கூடாது. ரோடு ரேஸ்: எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி நீண்ட தூரம் ஓட்டுவது. கிரிட்டீரியம்: சின்னச் சுற்றில் பல லேப்புகள், கடைசி லேப்புக்கு மணி அடிப்பார்கள்.

முதலில் டைம் டிரையலில் ஓட்டுங்கள். கூட்டம் இல்லை, அதனால் யாரையும் இடித்து விழ வாய்ப்பும் குறைவு. சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு வரிசையில் நிற்கும் பதற்றம் அதில் பழகிவிடும். ஆனால் டைம் டிரையலில் நல்ல நேரம் எடுத்தவர், கூட்ட ரேஸிலும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவார். இரண்டும் வேறு வேறு திறமைகள்.

200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டியிருக்கிறேன். அது ரேஸ் கணக்கில் வருமா?

வராது. பிரெவே என்பது நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் ஓட்டம். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே பதக்கம்தான். அதில் கிடைக்கும் பொறுமை ரேஸுக்கும் உதவும், வேகம் உதவாது.

என்னிடம் ஹைபிரிட் சைக்கிள்தான் (ரோடு பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது) இருக்கிறது. புதிதாக ரோடு பைக் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

முதல் ரேஸுக்கு வேண்டாம். நம் ஊரில் பல அமெச்சூர் போட்டிகளில் எம்டிபி (மலை சைக்கிள்), ஹைபிரிட், ரோடு பைக் என்று தனித்தனிப் பிரிவு வைக்கிறார்கள். உங்கள் பிரிவில் ஓட்டிப் பாருங்கள். பிடித்துப்போனால் அப்புறம் வாங்கலாம்.

வாங்கும்போது கார்பன் ஃபிரேம், மின்சார கியர் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். அலுமினியம் ஃபிரேம், எட்டு அல்லது ஒன்பது கியர் உள்ள சாதாரண ரோடு பைக்கே முதல் இரண்டு மூன்று சீசனுக்குத் தாராளம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இன்னும் நல்லது, ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். பணம் மிஞ்சினால் நல்ல டயர், நல்ல பிப் ஷார்ட்ஸ் (தோள்பட்டையும் மெத்தையும் வைத்த சைக்கிள் கால்சட்டை), உங்கள் உடம்புக்குச் சரியான பைக் ஃபிட், இந்த மூன்றிலும் போடுங்கள். எடையைக் குறைக்கச் செலவழிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் தெரியும். சென்னை தட்டையான ஊர், இங்கே நமக்கு எதிரி காற்றுதான்.

கூட்டமாகக் கிளம்பும் ரேஸில், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரோ பார் போட்ட சைக்கிளை விடமாட்டார்கள். இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும், ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் அடைப்பான் இருக்க வேண்டும். அடைப்பான் இல்லாத குழாய் முனை விழும்போது தோலைக் குத்திக் கிழிக்கும். ஹெல்மெட் இல்லாமல் வரிசையில் நிற்கவே முடியாது. தொழில்முறை வீரர்களுக்கே 2003 முதல் அது கட்டாயம்.

எவ்வளவு வேகம் ஓட்டினால் ரேஸுக்குத் தயார்?

தனியாக, காற்று அதிகம் இல்லாத காலையில், ஒரு மணி நேரம் 28 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க முடிகிறதென்றால் தொடக்க நிலைப் பிரிவில் நிற்கலாம். இது என் கணிப்பு, சட்டம் இல்லை. கூட்டத்தின் வேகம் 35-ஐத் தாண்டும், ஆனால் கூட்டத்துக்குள் இருக்கும்போது அந்த வேகத்துக்கு அத்தனை பலம் தேவைப்படாது. ஏன் என்பதுதான் அடுத்த கேள்வி.

எல்லோரும் டிராஃப்ட், வீல் பிடி என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டி, காற்று மறைவில் ஓட்டுவதுதான் அது. ரேஸே அதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தட்டைச் சாலையில் 25, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால், நம் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதற்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். 30-லிருந்து 40 கிலோமீட்டருக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ இரண்டே கால் மடங்கைத் தாண்டிவிடுகிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் பின் சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு இந்தச் சுமையில் நல்லதொரு பங்கு மிச்சம். அதனால்தான் பலம் குறைந்தவர் புத்தியோடு ஓட்டினால் பலசாலியின் பின்னாலேயே வந்து கடைசி 200 மீட்டரில் அவரைத் தாண்ட முடிகிறது.

சரி, எப்படிப் பழகுவது? முதல் நாள் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். வாரங்கள் போகப் போக அரை சக்கர இடைவெளிக்கு வரலாம். முன்னாலிருப்பவரின் சக்கரத்தையே உற்றுப் பார்க்காதீர்கள், அவர் தோளுக்கு மேலாக இரண்டு மூன்று பேர் தள்ளிப் பாருங்கள். நெருங்கிவிட்டால் பிரேக்கைத் தொடுவதற்கு முன் மிதிப்பதைத் தளர்த்துங்கள், அல்லது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், காற்றே வேகத்தைக் குறைத்துவிடும். நீங்கள் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கும் எட்டுப் பேரும் பிடிக்க வேண்டிவரும், எட்டாவது ஆள் கீழே கிடப்பார்.

சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னால் வரும். எழும் அந்த நொடியில் மிதியைக் கூடுதலாக அழுத்திவிட்டு எழுந்தால் பின்னால் வருபவர் பிழைத்துக்கொள்வார். எல்லாவற்றையும் விட முக்கியம், உங்கள் முன் சக்கரம் அடுத்தவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் முன்னேறி நிற்கவே கூடாது. அவர் அரை அடி விலகினாலும் விழுவது நீங்கள்தான், அவருக்கு ஒன்றும் ஆகாது.

ஈசிஆரில் இன்னொரு சிக்கல். மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம். கடற்காற்று இடதிலிருந்து அடித்தால் காற்று படாத இடம் முன்னாலிருப்பவருக்குப் பின்னால், வலது பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும். அதாவது பேருந்து வரும் பக்கம். மூடிய தடத்தில் அப்படிச் சாய்வாக வரிசை அமைக்கலாம், திறந்த சாலையில் கூடவே கூடாது. கொஞ்சம் காற்று பட்டாலும் பரவாயில்லை, நேர் பின்னால் வாருங்கள். திரும்பும்போது இது தலைகீழ், மறைவு சாலையின் ஓரத்துக்கு வரும். அங்கே காத்திருப்பவை மணலும் கண்ணாடிச் சில்லும்.

முன்னால் இழுத்து (அதாவது காற்றைத் தாங்கிக் குழுவுக்கு முன்னால் ஓட்டி) முடித்தவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார், எவ்வளவு நேரம் இழுப்பார் என்று கிளம்பும் முன்பே குழுவில் பேசிவிட வேண்டும். அரை நிமிடம் இழுத்தாலே போதும். முதல் முறை முன்னால் வந்தவர்கள் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிக் குழுவையே உடைத்துவிடுவார்கள். முன்னால் வரும்போது வேகம் மாறாமல் இருப்பதுதான் மரியாதை.

இதையெல்லாம் யாரோடு பழகுவது?

சென்னையில் ஏரியாவுக்கு ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கடையில் கேட்டால் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். வேகக் குழுவில் நேராகப் போய் நிற்காதீர்கள். நடுத்தரக் குழுவில் நாலைந்து வாரம் ஓட்டுங்கள், "அண்ணா, நான் புதுசு, கடைசியில் வருகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கேலி செய்யமாட்டார்கள். சொல்லாமல் நடுவில் புகுந்து தடுமாறுகிறவரைத்தான் திட்டுவார்கள்.

வழக்கமான பாதை திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் முட்டுக்காடு வரை, அல்லது கோவளம் வரை. அக்கரை தாண்டும் வரை கடைகளும் குறுக்குத் தெருக்களும் அதிகம், அதுவரை வரிசையாக, மெதுவாக. அதன் பிறகுதான் வேகம். மீடியன் இடைவெளிகளில் திடீரென்று திரும்பும் கார், எதிர்த்திசையில் ஓரமாக வரும் டூவீலர், நிறுத்தத்துக்காக இடதுபக்கம் வெட்டும் பேருந்து, இந்த மூன்றும்தான் பெரிய ஆபத்து. நாய்கள் அதற்கு அடுத்தபடி. பள்ளம் தெரிந்தால் முன்னாலிருப்பவர் கையால் காட்டி, வாயாலும் கத்த வேண்டும். பொதுச் சாலையில் குழு ஓட்டம் என்பது பயிற்சி மட்டுமே. சிக்னலைத் தாண்டி ஸ்பிரிண்ட் (முழு வேகப் பாய்ச்சல்) அடித்து ஜெயிப்பதற்கு யாரும் கோப்பை தருவதில்லை.

வாரத்தில் எத்தனை நாள் ஓட்ட வேண்டும்?

வேலைக்குப் போகிறவருக்கு நான்கு நாள் போதும். ஒரு நாள் கடினமான இடைவெளிப் பயிற்சி: மூன்று நிமிடம் மூச்சு வாங்க மிதித்து, மூன்று நிமிடம் தளர்த்தி, இப்படி ஐந்து முறை. ஒரு நாள் ஸ்பிரிண்ட். ஒரு நாள் பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் சுலபமாக. ஞாயிறு குழுவோடு நீண்ட ஓட்டம். சுலபமான நாளையும் கடினமாக்கிக் கொள்வதுதான் நம் ஆட்களுக்கு வரும் பெரிய நோய். ஓட்டத்தைப் பதிவு செய்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் யார் பார்க்கிறார்கள் என்ற கவலை.

மலை இல்லையே என்று வருத்தப்படாதீர்கள், கிரிட்டீரியத்துக்கு மலை தேவையில்லை. வேண்டுமென்றால் சீசனுக்கு ஒருமுறை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவிட்டு வரலாம்.

சென்னை வெயிலில் என்ன சாப்பிடுவது, எப்போது ஓட்டுவது?

மே கடைசியில் இங்கே ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டும். கோடையில் ஏழரைக்குள் வீடு திரும்பப் பாருங்கள். இருட்டில் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும்.

கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, சட்னி குறைவாக. எண்ணெய் மிதக்கும் பூரி வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ரேஸுக்கு வழியில் சாப்பாடு தேவையில்லை, தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் வேகத்தில் மெல்லும்போது தொண்டையில் சிக்கும். பேரீச்சை வசதி. ஜெர்சியில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிகிறவர்கள் ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். இளநீர் ஓட்டி முடித்த பிறகு. தலை சுற்றினால், வெயிலில் வியர்வை நின்று குளிர் எடுத்தால், அந்த இடத்திலேயே நிழலில் உட்கார்ந்துவிடுங்கள், ரேஸ் போனால் போகட்டும்.

ரேஸ் அன்று வரிசையில் எங்கே நிற்பது?

முன்பாதியில். பணிவு காட்டிக் கடைசியில் நிற்பவர்தான் அதிகம் களைத்துப்போவார். ஒவ்வொரு வளைவிலும் முன்னாலிருப்பவர்கள் லேசாக வேகம் குறைக்க, அந்தக் குறைவு பின்னால் போகப் போகப் பெருகும். கடைசி ஆள் ஏறக்குறைய நின்றே விடுவார், வளைவு முடிந்ததும் முழு பலத்தோடு துரத்த வேண்டியிருக்கும். இருபது லேப்பில் நான்கு வளைவு என்றால் எண்பது ஸ்பிரிண்ட். முன்னால் இருப்பவர் அதே ரேஸைப் பாதிக் களைப்பில் முடிப்பார்.

வளைவில் பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் நுழையும் முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். உட்பக்கத்து மிதி மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் தரையில் உரசும். யார் உள்ளே வந்தாலும் உங்கள் கோட்டை மாற்றாதீர்கள்.

டிராப் ஆகிவிட்டால், அதாவது கூட்டத்திலிருந்து பின்தங்கிவிட்டால், கேவலமாக இருக்காதா?

முதல் ரேஸில் பெரும்பாலும் எல்லோருமே டிராப் ஆகிறார்கள். உங்களைப் போலவே கழன்று வந்த இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து இழுத்து ஓட்டுங்கள். முன்கூட்டம் ஒரு லேப் அதிகம் ஓட்டி உங்களைத் தாண்ட வந்தால் நடுவர் விலகச் சொல்வார், விலகிவிடுங்கள். முடிவுப் பட்டியலில் டிஎன்எஃப் (முடிக்கவில்லை) என்று வரும், அவ்வளவுதான்.

விழுந்துவிட்டால்?

எழுந்து ஓடி சைக்கிளை எடுக்காதீர்கள், பின்னால் வருகிறவர்கள் உங்கள் மேல் ஏறுவார்கள். தடத்தின் ஓரத்துக்கு நகருங்கள். தலையில் அடிபட்டு, தேதி என்ன, எந்த இடம் என்று சொல்லத் தடுமாறினால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, மருத்துவமனைதான் அடுத்து. போட்டி இடத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்த ரேஸுக்குப் போகாதீர்கள். பயிற்சியில் நடந்தால் 108. அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா?

பல போட்டிகளில் இருக்கிறது, ஆனால் ஆறேழு பேர்தான் வருவார்கள். அதில் கூட்டத்தில் ஓட்டும் அனுபவம் கிடைக்காது என்பதால் குழு ஓட்டங்களில் ஆண்களோடு சேர்ந்து பழகுவது நல்லது. விடியற்காலை இருட்டில் தனியாக வீட்டிலிருந்து ஈசிஆர் வரை வருவதுதான் பலருக்குத் தடை. ஒரே ஏரியாக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கிளம்பினால் அந்தத் தடை பாதி தீரும். பெண்கள் பிரிவுக்குப் பரிசுத்தொகை குறைவாக வைக்கும் போட்டிகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

என் பையனுக்கு 12 வயது. எங்கே சேர்ப்பது?

கார்பன் சைக்கிள் வாங்கித் தருவதற்கு முன், செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம் தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டிக்கு அனுப்புங்கள். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. 13-க்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. மற்ற இரண்டிலும் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி உள்ள சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிளை வைத்துக்கொண்டே பிள்ளைகள் பறப்பதைப் பார்த்தால், லட்சக்கணக்கில் செலவு செய்த பெரியவர்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வயதுச் சான்றிதழைப் பள்ளியில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மாநில அளவுக்குப் போக என்ன வழி?

கிளப் நடத்தும் போட்டிகளுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தால் போதும். தேசிய சாம்பியன்ஷிப் வேறு கதை, அது சைக்கிளிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவின் கீழ் வருவது. மாவட்டத்திலும் மாநிலத்திலும் தேர்வாகி, மாநிலச் சங்கத்தின் வழியாகத்தான் போக முடியும். முப்பது வயதில் தொடங்கியவர் அந்தக் கனவோடு குடும்பத்தைப் படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. பதினான்கு வயதுக்காரருக்குத் திறமை தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் மாவட்டச் சங்கத்தைத் தேடிப் போங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. ஈசிஆரில் கோவளம் நோக்கிப் போகும்போது முதுகில் தள்ளும், 38 கிலோமீட்டர் வேகம் சுலபமாக வரும், நாம்தான் பலசாலி என்று தோன்றும். கோவளத்தில் திரும்பியதும் உண்மை தெரியும், அதனால் பலத்தைத் திரும்பி வருவதற்கென்று வையுங்கள். மழை விட்ட மறுநாள் சாலையில் மணலும், தண்ணீருக்கு அடியில் மறைந்த பள்ளமும் இருக்கும், அன்று குழுவாக ஓட்டாதீர்கள். டயரில் காற்றை வழக்கத்தை விடக் கொஞ்சம் குறையுங்கள். கடலோர உப்புக் காற்றில் செயினும் போல்ட்டுகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் ஈசிஆர் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள்.